பாண்டியா, ராமேஸ்வரமா? அறந்தாங்கியிலிருந்து ஒரு ‘ரெண்டு நாள் லீவு’ கணக்கு

‘‘மச்சி, சனி ஞாயிறு லீவு. எங்கயாச்சும் கடல் பக்கம் போலாமா?’’

வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால் போதும். பாதிப் பேர் ‘பாண்டி’ என்பார்கள். மீதிப் பேர் ‘ராமேஸ்வரம்’ என்பார்கள். யாராவது ஒருத்தர் அந்தமான் ரீல்ஸை ஃபார்வர்டு பண்ணிவிட்டுக் காணாமல் போய்விடுவார். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு, ‘சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்பதோடு டிரிப் முடிந்துவிடும். யாரும் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள்!

இந்தக் குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால், அறந்தாங்கிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது. தெற்கே போகிற ரயிலில் ஏறினால் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவு. வடக்கே போகிற ரயிலில் ஏறினால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ விழுப்புரத்திலோ இறங்கி, பஸ் பிடித்தால் பாண்டிச்சேரி. ஒரே தண்டவாளம், ஒரு பக்கம் நகரம், ஒரு பக்கம் தீவு.

எந்தப் பக்கம் ஏறுவது? ‘எது அழகு?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘எங்க கேங் எப்படிப்பட்டது?’ என்று கேட்டுப்பாருங்கள். பாண்டி உங்கள் நேரத்துக்கு வளைந்துகொடுக்கும். ராமேஸ்வரத்தில், தீவின் நேரத்துக்கு நீங்கள்தான் வளைய வேண்டும். மொத்த வித்தியாசமும் இதுதான்.

பாண்டி: எப்ப எழுந்தாலும் ஏதாவது இருக்கும்

பதினொரு மணிக்கு எழுந்திருக்கும் கேங்கா நீங்கள்? யோசிக்காமல் பாண்டி போங்கள். காலையைத் தூங்கியே தொலைத்தாலும் அங்கே நாள் வீணாகாது. ஒயிட் டவுன் தெருக்களில் மஞ்சள் சுவர்களைப் பார்த்தபடி நடக்கலாம். கஃபேயில் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட் களைகட்டும். மாலையில் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளக் கடற்கரைச் சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் என எல்லாமே அந்த ஒரே நடையில் வந்துவிடும்.

ஒரு விஷயத்தை முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். பீச் ரோடு என்றதும் மெரினா மாதிரி பரந்த மணலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு, மணல் வந்து சேர்வது தடைப்பட்டு, கரை அரித்துப்போனது. கரையைக் காப்பாற்றக் கொட்டிய பாறைகளைத்தான் இன்று பார்க்கிறோம். பிற்பாடு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. மணலில் காலை நீட்டி உட்கார வேண்டுமென்றால் சுண்ணாம்பாறிலிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம், அல்லது ஊருக்கு வடக்கே செரினிட்டி பீச்.

ஆரோவில் லிஸ்டில் இருக்கிறதா? 1968-ல் தொடங்கிய ஊர் அது. மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்ப்பது எளிது. உள்ளே போய் அமர முன்பதிவு வேண்டும். போன பிறகு வாசலில் நின்று கேட்டுப் பிரயோஜனமில்லை.

ராமேஸ்வரம்: சூரியன்தான் டூர் கைடு

ராமேஸ்வரத்தை ‘கோயில் ஊர்’ என்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஆடி அமாவாசைக்குத் தாத்தாவோடு போய், ஈர டிரெஸ்ஸோடு 22 தீர்த்தத்திலும் நின்று நடுங்கியதுதான் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஒரு வெப்பமண்டலத் தீவு என்பதே மனசில் பதிவதில்லை. நாலு பக்கமும் கடல், பவளப்பாறை, தென்னை, வெள்ளை மணல் என ரீல்ஸில் நாம் லைக் போடுகிற எல்லாமே அங்கே இருக்கிறது.

ஆனால், அந்தத் தீவு டைம்டேபிள் போட்டுத்தான் தன்னைக் காட்டும். ஊரே விடிவதற்கு முன் எழுந்துவிடும். தனுஷ்கோடிக்கு மாலை ஆகிவிட்டால் விடமாட்டார்கள். அங்கே ராத்திரி தங்க லாட்ஜும் கிடையாது. அதனால் அதிகாலையில் கிளம்பி, அரிச்சல்முனையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவதுதான் சரி. பதினொரு மணிக்கு எழுந்தால் கொதிக்கும் மணலும் டூரிஸ்ட் கூட்டமும்தான் மிச்சம்.

தனுஷ்கோடியில் செல்ஃபி எடுக்கும் அந்த இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் ஒரு காலத்தில் நல்லா ஓடிக்கொண்டிருந்த ஊர். இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில், பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு அந்த ஊர் திரும்ப எழவே இல்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததே 2017-ல்தான்.

தீவு என்றால் என்ன என்பதற்கு இன்னொரு பாடம், பாம்பன் பாலம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கும்வரை, ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலேயே இறங்கி, சாலைப் பாலம் வழியாகத்தான் தீவுக்குப் போனார்கள். தீவுக்குப் போகிற வழிகள் எண்ணிக்கையில் குறைவு. அதில் ஒன்று அடைபட்டால் உங்கள் பிளானும் மாறும். அதை ரசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தீவு செட் ஆகும்.

நம்ம கடல் வேற, அந்தக் கடல் வேற

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போய்க் கடலில் கால் நனைத்தவர்கள்தான் நாம் எல்லோரும். அது பாக் நீரிணைக் கடல். ஆழம் குறைவு. எதிரே இலங்கை இருப்பதால் பெரிய அலைகளும் பெரும்பாலும் வருவதில்லை. கொஞ்ச தூரம் நடந்துபோனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். ‘எனக்குக் கடல் பழக்கம்தான்’ என்ற தைரியம் நமக்கு அங்கேதான் வருகிறது.

அந்தத் தைரியத்தை பாண்டிக்கு எடுத்துப்போகாதீர்கள். அங்கே இருப்பது திறந்த வங்கக்கடல். நடுவில் தடுக்க எந்த நிலமும் இல்லை. கரையிலேயே அலை உடைந்து, திரும்பும்போது காலைப் பறிக்கும். உள்ளே இழுக்கும் நீரோட்டம் மேலே பார்த்தால் தெரியாது, அந்த இடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத்தான் தெரியும். அப்படி இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். சுழல் தளர்ந்த பிறகு கரைக்கு வரலாம். நண்பனைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிப்பதுதான் ஒரு சாவை ரெண்டு சாவாக்குகிறது. கயிறோ, மிதக்கிற கேனோ வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்கவே கூடாது, அதில் பேச்சே இல்லை.

ராமேஸ்வரத்திலும் இதே கவனம் தேவை. தனுஷ்கோடியில் வடபக்கக் கடலைப் பெண் கடல் என்றும், தென்பக்க மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வடக்கே அமைதி, தெற்கே ஆவேசம். காற்று திசை மாறும் மாதங்களில் இந்தக் குணமும் மாறும். அரிச்சல்முனையில் இரண்டும் சேர்கிற இடம் பார்ப்பதற்கு மட்டும்தான், குளிப்பதற்கு இல்லை. கடலில் முங்கியே ஆக வேண்டும் என்றால் கோயிலுக்கு முன்னால் இருக்கும் அக்னி தீர்த்தக் கரை இருக்கிறது.

எந்த மாதம், எந்தப் பக்கம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது, ஊரே வெள்ளத்தில் நின்றது. அந்த மாதங்களில் இரண்டு ஊருக்குமே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ரெண்டு பக்கமும் நல்ல காலம். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் ராமேஸ்வரத்தில் ரூம் தேடுவது கஷ்டம். டிசம்பர் 31-ல் பாண்டியிலும் அதே கதைதான், வாடகையும் எகிறியிருக்கும்.

வீட்டுல என்ன சொல்றது?

நிஜத்தில் பல டிரிப்புகளை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். ‘ராமேஸ்வரம்’ என்றால், ‘சாமி கும்பிட்டுட்டு பத்திரமா வாங்க’ என்று அம்மாவே பையில் புளியோதரை கட்டிக் கொடுப்பார். ‘பாண்டி’ என்றால் அப்பாவின் புருவம் ஏறும். பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம், கேள்வி இரண்டு மடங்கு. அதனால் ராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டுப் பாண்டி போகிறவர்கள் உண்டு.

அதை மட்டும் செய்யாதீர்கள். இது ஒழுக்கப் பாடம் இல்லை. கடலிலோ ரோட்டிலோ ஏதாவது நடந்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடம், சித்தியிடம் சொல்லுங்கள். ரூம் விவரத்தையும் லைவ் லொக்கேஷனையும் அனுப்பிவிடுங்கள்.

பாண்டியில் வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் லைசென்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம். அங்கே வாங்கிய பாட்டிலோடு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால், செக்போஸ்ட்டில் கேஸ் ஆகிவிடும். ராமேஸ்வரத்தில் பவளத்துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டாலும் கேஸ்தான். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

அப்போ அந்தமான்?

கனவை விட வேண்டாம். ஆனால், ரெண்டு நாள் லீவில் அது நடக்காது. சென்னையிலிருந்து ஸ்ரீவிஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரீல்ஸில் வரும் ராதாநகர் பீச் இருப்பது ஹேவ்லாக்கில். 2018-ல் ஸ்வராஜ் த்வீப் எனப் பெயர் மாறிய தீவு அது. அங்கே போக மறுபடி கப்பல் ஏற வேண்டும், கடல் மோசமானால் அந்தக் கப்பலும் ரத்தாகும். போக வர மட்டுமே ரெண்டு நாள் கரையும். குறைந்தது ஐந்தாறு நாள் லீவும், கையில் சேர்த்த காசும் இருந்தால் போங்கள். இஎம்ஐ போட்டுப் போகாதீர்கள். அலை அடித்து முடித்த பிறகும் தவணை அடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியா ஒரு கணக்கு

இப்போது குரூப்பில் ஒரு போல் போடுங்கள். கேள்வியில் ஊர்ப் பெயரே வேண்டாம். ‘காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருக்க யார் யார் ரெடி?’ என்று மட்டும் கேளுங்கள். பாதிக்கு மேல் கை தூக்கினால் ராமேஸ்வரம். இல்லையென்றால் பாண்டி. யாருமே பதில் போடவில்லையா? கை தூக்கிய ரெண்டு பேராவது டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். மத்தவங்க தானா வருவாங்க!