வாடகைக் கார்ச் சாரதியும் பழைய குற்றத்தீர்ப்பும்

1897ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 10ஆந் திகதி, இலண்டன் மாநகரின் நியூ பொண்ட் வீதியிலே, மின்கலத்தால் ஓடும் வாடகை வண்டியொன்று பாதையை விட்டு விலகி ஒரு கட்டடத்தின் மீது மோதியது. அத்தகைய வண்டிகள் அந்நகர வீதிகளிற் புகுந்து அப்பொழுது ஒரு மாதமுங் கழிந்திலது. சாரதி இருபத்தைந்து வயதினர். மதுவெறியில் இருந்தமையை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அபராதம் விதித்தது. குதிரையில்லா வண்டியை வெறியோடு ஓட்டியமைக்காக இங்கிலாந்திலே முதன்முதல் தண்டிக்கப்பட்டவர் ஒரு வாடகைச் சாரதி என்பது சிந்திக்கற்பாலது.

அபராதத்தோடு நீதிமன்றத்தின் கடமை முடிந்துவிடுகின்றது. ஆயின், அதன்பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வாறு தண்டிக்கப்பட்ட ஒருவரிடம் முன்பின் அறியாத பயணிகளை மீண்டும் ஒப்படைக்கலாமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்திலே இன்று விடை கூறவேண்டியவை உள்ளூராட்சிச் சபைகளாம். அவை எம்முறையால் விடை காண்கின்றன என்பதையும், அம்முறை எங்கே இடர்ப்படுகின்றது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

சொந்தக் காரை ஓட்டுபவருக்கு ஒரு பத்திரம் போதும். பிறரை வாடகைக்கு ஏற்றிச்செல்பவருக்கோ இரண்டு வேண்டும்: ஏனையோர்க்குரிய சாரதிப் பத்திரம் ஒன்று, சபை வழங்கும் வாடகைச் சாரதி அனுமதிப்பத்திரம் மற்றொன்று. இலண்டனுக்குத் தனிச் சட்டங்கள் உள. ஏனைய இடங்களில், குதிரைவண்டிக் காலத்து 1847ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் ஒருங்கே வழங்குகின்றன. பின்னைய சட்டத்தின் வாசக அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தகுதியுள்ளவருக்குப் பத்திரம் வழங்குக என்று அது கூறவில்லை. விண்ணப்பதாரர் தகுதியும் பொருத்தமும் உடையவர் எனச் சபை திருப்தியடைந்தாலன்றி வழங்கலாகாது என்றே கூறுகின்றது. ஆகவே தம் தகுதியை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். குற்றவியல் நீதிமன்றிலே ஐயத்தின் பயன் எதிரிக்கு உரியது. இங்கே அஃது அவருக்குக் கிட்டுவதில்லை.

"தகுதியும் பொருத்தமும்" என்றால் யாதெனப் பாராளுமன்றம் வரையறுக்கவில்லை. 1998ஆம் ஆண்டு, பிரதம நீதியரசராய் இருந்த பிங்காம் பிரபு றஷ்கிளிவ் நகரசபை வழக்கிலே அதற்குப் பொருள் காட்டினார். நல்ல ஓட்டுப் பதிவும் போதிய அனுபவமும் உடைய சாரதியாய், மதுமயக்கமற்றவராய், உடலும் உள்ளமும் நலமுடையவராய், நேர்மையாளராய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். ஓட்டுப் பதிவு அப்பட்டியலின் முன்னணியில் நிற்றல் காண்க.

குற்றங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வேக எல்லையை மீறியவருக்குப் பெரும்பாலும் 3 புள்ளிகள் பதியப்படும். தொலைபேசியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓட்டியவருக்கு 2017ஆம் ஆண்டு முதல் 6 புள்ளிகள். மூன்றாண்டுக்குள் 12 புள்ளிகள் சேருமாயின் குறைந்தது ஆறு மாதம் வண்டியோட்டத் தடை விதிப்பது வழக்கம். மதுவெறியில் ஓட்டியவருக்கோ புள்ளிகளை எண்ணுதற்கு இடமேயில்லை. பொதுவாக ஓராண்டுக்குக் குறையாத தடை உடனே வரும்.

2020ஆம் ஆண்டு யூலை மாதத்திலே போக்குவரத்துத் திணைக்களம் சபைகளுக்கென நியமங்களை வெளியிட்டது. சிறு குற்றம் ஒன்று மாத்திரம் இருப்பின் அது பத்திரத்துக்குத் தடையாகாது. கருதாமலும் அத்தகைய பிழை நேரலாம் என்பதை நியமங்கள் ஒப்புக்கொள்கின்றன. பல குற்றத்தீர்ப்புகள் சேர்ந்து காணப்படின், தொழில்முறையாக ஓட்டுவதற்குரிய பழக்கம் அவரிடம் இல்லை என்று கருத இடமுண்டு. தொலைபேசிக் குற்றமாயின் தீர்ப்போ, தண்டனையோ, தடையோ இவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் கழிதல் வேண்டும். மதுவெறியாயின், தண்டனை அல்லது தடை முடிந்தபின் 7 ஆண்டுகள். பிறர் மரணத்துக்குக் காரணமான, அல்லது மரணத்தை விளைவிக்கும் நோக்குடைய குற்றமாயின் பத்திரம் என்ற பேச்சே இல்லை.

வேகத்துக்கும் தொலைபேசிக்கும் இடையே இத்துணை வேற்றுமை ஏன் எனச் சிலர் வினவக்கூடும். என் கருத்தின்படி அது நியாயமானதே. மணிக்கு 30 மைல் எல்லையுள்ள வீதியிலே 36 மைல் வேகத்திற் செல்பவர் தம் வேகத்தை உணராதிருத்தல் கூடும். தொலைபேசியைக் கையில் எடுப்பவரோ அதனைத் தாமே எடுக்கின்றார். கை தானாக அங்ஙனஞ் செல்வதில்லை.

இனி, இவ்விடயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு சாரதியை மனத்திற் கொள்வோம். இருபது ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். மூன்று முறை வேகக் குற்றத்துக்காக 9 புள்ளிகள் பெற்றவர், நான்காம் முறையும் அகப்பட்டு 12ஐ எட்டிவிட்டார். நீதவான் மன்றிலே நின்று, தடை விதிக்கப்படின் வீட்டுக் கடன் தவணை தவறும், நோயுற்ற தாயைப் பராமரிக்க வழியிராது என்று முறையிடுகின்றார். அசாதாரணமான இடர் நேரும் என நீதவான் கண்டாற் சட்டப்படி தடையைத் தவிர்க்கலாம். தவிர்க்கின்றார் என்றே கொள்வோம். சாரதிப் பத்திரம் தப்பியது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவருக்குச் சபையிலிருந்து கடிதம் வருகின்றது. சபைக் குழுவின் முன் அதே கதையை அவர் கண்ணீரோடு கூறுகின்றார். குழுவினரும் மனிதரே, மனம் இளகுகின்றது. ஆயினும் அக்கதையை நிறுத்துப் பார்க்கச் சட்டம் அவர்களை விடுவதில்லை.

2002ஆம் ஆண்டு லீட்ஸ் நகரசபை வழக்கிலே உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. அவ்வழக்கு வண்டியோட்டும் குற்றம் பற்றியதன்று. எனினும் அதிற் பிறந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். சாரதியின் நடத்தையை விளக்கும் அருமையான சந்தர்ப்பங்களிலன்றி, பத்திரம் இழத்தலால் அவருக்கும் குடும்பத்துக்கும் நேரும் இன்னல் கருத்திற் கொள்ளத்தக்கதன்று என்பதே அவ்விதி. 2011ஆம் ஆண்டிலே செர்வெல் மாவட்ட சபை வழக்கில் அது மீண்டும் வலியுறுத்தப்பட்டது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. சபையின் தீர்மானத்தை எதிர்த்து 21 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யும் இடமும் நீதவான் மன்றமே. முன்பு இடரைக் கேட்டுத் தடையைத் தவிர்த்த மன்று, இப்பொழுது அதே இடருக்குச் செவிசாய்க்கலாகாது.

இஃது இரக்கமற்ற விதியெனத் தோன்றலாம். ஆனால் பயணியின் பக்கம் நின்று பார்த்தல் வேண்டும். நள்ளிரவிலே புகையிரத நிலையத்தில் இறங்கும் மூதாட்டி, வரிசையில் முதலாவதாக நிற்கும் காரில் ஏறுகின்றார். சாரதியின் பதிவை அவர் கேட்டறிய முடியாது. அவருக்காக முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டியது சபை. எனவேதான் நியமங்கள் குழுவினரை ஒரு வினா கேட்டுக்கொள்ளும்படி பணிக்கின்றன: நாம் நேசிக்கும் ஒருவரை, அவர் எந்நிலையில் இருப்பினும், பகலிலோ இரவிலோ, இவர் ஓட்டும் வண்டியிலே தனியே அனுப்புவோமா? சாரதியின் வீட்டுக் கடன் இவ்வினாவுக்கு விடையாகாது. தண்டித்தல் நீதிமன்றத்தின் தொழில். சபை கேட்பது அவரை நம்பலாமா என்பதை மாத்திரமே. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை என்ற முறைப்பாடு இதனாலேயே வலுவிழக்கின்றது. பத்திரம் இழந்தவருக்கு இவ்வேறுபாடு ஆறுதலளிக்கும் என்று நான் கூறமாட்டேன்.

பழைய குற்றத்தை மறக்கும் சட்டமும் இங்கிலாந்தில் உண்டு. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சாரதிப் பத்திரத்திற் பதியப்பட்ட குற்றத்தீர்ப்பு 5 ஆண்டில் கழிந்ததாகிவிடும். வாடகைச் சாரதிகளோ 2002ஆம் ஆண்டு முதல் அச்சலுகைக்குப் புறம்பானோர். கழிந்தவற்றையும் சபை வினவலாம். ஆனால், அத்தீர்ப்பே பிழையென இங்கே வாதாட இயலாது. 1998ஆம் ஆண்டு நொற்றிங்காம் நகரசபை வழக்கு அவ்வாயிலை அடைத்துவிட்டது. குற்றத்தின் சூழலை விளக்கலாம். குற்றமே இல்லை எனல் ஆகாது.

சாரதிகள் பக்கத்து வாதங்களுள் ஒன்று எனக்கு வலியதாகத் தோன்றுகின்றது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் காரை எடுப்பவருக்கும், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் நகர நெரிசலில் ஓட்டுபவருக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றே. ஓடும் தூரம் மிகுந்தால் அகப்படும் வாய்ப்பும் மிகும். மறுபுறத்தார், தொழிலாளிக்குத் திறமையும் மிகவேண்டுமன்றோ என்பர். அவ்விடையும் பொய்யன்று. ஆயினும், பத்தாண்டில் இரண்டு சிறு குற்றம் செய்தவரையும் ஓராண்டிலே இரண்டைச் செய்தவரையும் ஒரே தராசில் இடுவது நீதியாகாது.

ஆதலால் ஆண்டுக் கணக்குகள் வழிகாட்டிகளேயன்றி விலங்குகள் அல்ல. 2012ஆம் ஆண்டு கார்டிவ் நகரசபை வழக்கிலே, சபை தானாக வகுத்த புள்ளித் திட்டத்தின்படி இயந்திரம்போற் பத்திரத்தை இரத்துச் செய்யும் முறையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனியே ஆராயப்படல் வேண்டும். ஆறரை ஆண்டுகள் கழிந்த ஒருவர் விதிவிலக்குக் கேட்கலாம். கேட்டால் சபை செவிமடுத்தல் கடமை. விலகுவதாயின் காரணங் கூறுதல் வேண்டும்.

சபைகள் பலவாதலின் வேறொரு தொல்லையும் நெடுங்காலம் நிலவியது. ஒரு நகரிலே பத்திரம் இழந்தவர், அதனை மறைத்து அயல் நகரிலே புதிதாக விண்ணப்பித்தல் கூடியதாயிருந்தது. 2018ஆம் ஆண்டிலே சபைகள் தாமாக விரும்பிச் சேரும் பொதுப் பதிவேடொன்று தொடங்கப்பட்டது. சேராத சபைகளும் இருந்தன. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2023ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆந் திகதி முதல், பயணிகளின் பாதுகாப்பு அல்லது வீதிப் பாதுகாப்புக் காரணமாக ஒருவருக்குப் பத்திரத்தை மறுக்கும் சபையும், இடைநிறுத்தும் சபையும், இரத்துச் செய்யும் சபையும் அதனைப் பதிவேட்டில் இடுதல் இங்கிலாந்து முழுவதும் கட்டாயமாயிற்று. புதிய விண்ணப்பம் ஒன்று வந்தால் அப்பதிவேட்டைத் தேடிப் பார்த்தலும் கட்டாயமே. அங்கே ஒருவர் பெயர் இருக்கக் கண்ட சபை, முன்னைய சபையிடம் காரணத்தைக் கேட்டறிந்து, அதனையும் கருத்திற்கொண்டு தானே தீர்மானிக்கின்றது.