ஒரு மறுபதிப்பு, ஒரு டி.டி.கே. கேசட், 3.2 சதவீதம்

டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தோட 2017 மறுபதிப்பை வாங்கினேன். கேட்கிறதுக்கு மட்டும் இல்லை, அளக்கிறதுக்கும்.

எங்க வீட்டுல ஒரு 90 நிமிஷ டி.டி.கே. கேசட் இருக்கு. 1995 கோடையில் புதுக்கோட்டையில் அண்ணன் பதிஞ்சது. எதிர்வீட்டு மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தப்ப ஒரு சிடி ப்ளேயரும் நாலு சிடியும் கொண்டுவந்திருந்தார், அதுல ஒண்ணு ஹிஸ்டீரியா. ப்ளேயரிலிருந்து வயர் இழுத்து எங்க டேப் ரெக்கார்டரில் செருகி அண்ணன் பதிஞ்சான். ஆல்பம் 62 நிமிஷத்துச் சொச்சம், கேசட் 90. பி பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் மைக்கை வச்சு நாலு நிமிஷம் பேசியும் வச்சான். அம்மாவைப் பேசச் சொல்றான், அம்மா மாட்டேங்குறாங்க, இவன் கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சமையல்கட்டை வர்ணிக்கிறான். அவ்வளவுதான். 1998-ல் அண்ணன் ஒரு விபத்தில் இறந்துட்டான். அவன் குரல் வேற எதிலயும் இல்லை.

போன வருஷம் ஒரு பழைய டெக் வாங்கி அந்தக் கேசட்டைக் கணினியில் ஏத்தினேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாங்க. "இது அவன் குரல் இல்லடா. சின்னப்புள்ள பேசுற மாதிரி இருக்கு."

கேசட்டில் டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடணும். அதை ஓட்டுறது ஒரு சின்ன மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும். பெல்ட் தளர்ந்தா பதியும்போது டேப் மெதுவா ஓடும். அதையே பின்னாடி சரியான வேகத்தில் போட்டா எல்லாம் வேகமா, சுருதி ஏறிக் கேட்கும். எங்க மெஷினில் பதிஞ்சதை எங்க மெஷினிலேயே போட்ட வரைக்கும் தப்பும் தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டதால யாருக்கும் தெரியல. அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போய் ரொம்ப வருஷமாச்சு.

முதலில் எனக்குத் தோணினது கரண்ட் இரைச்சல். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ப்ளக்கில் செருகிப் பதிஞ்ச மலிவான ரெக்கார்டரில் அந்த "ம்ம்ம்" கூடவே பதிஞ்சிருக்கும், அதோட இரட்டிப்பு 100-லும் தெரியும். பேச்சுப் பகுதியின் அலைமாலையைப் பார்த்தேன். 100.4-ல் கூர்மையா ஒரு கோடு, அப்படின்னா அடிப்படை 50.2. வேகத்தில் பிழை அரை சதவீதம்கூட இல்லை, அம்மாவுக்குத்தான் வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சுத்தான் உறைச்சது. 1995-ல் நம்ம கரண்ட் எங்கே 50-ல் இருந்தது! தேவை கூடி உற்பத்தி பத்தாதப்ப ஜெனரேட்டர்கள் சுமை தாங்காம மெதுவாகும், அலைவரிசையும் இறங்கும். தொண்ணூறுகளில் தென்மண்டல மின்தொகுப்பு 49-க்குக் கீழே, 48.5-க்கும் கீழே ஓடினது சர்வசாதாரணம். குறைஞ்ச அலைவரிசையில் கூடுதலா இழுத்தா கூடுதல் காசுன்னு 2003 ஜனவரியில் கட்டண முறையை மாத்தின பிறகுதான் இங்கே அது கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. அந்தக் காலத்து இரைச்சலை அளவுகோலா வைக்கிறது ரப்பர் ஸ்கேல் வச்சு அளக்கிற மாதிரி.

அப்புறம்தான் கண்ணு முன்னாடியே இருந்த அளவுகோல் தெரிஞ்சது: பாட்டு. சிடி ப்ளேயர் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பில் ஓடுது, அதில் வேகப் பிழைன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இருக்காது. அதே டேப், அதே மோட்டார், அதே சாயங்காலம். பாட்டு எவ்வளவு பிசகியிருக்கோ அவ்வளவுதான் அண்ணன் குரலும் பிசகியிருக்கும். இப்ப நான் வாங்கின டெக்கில் பிழை இருந்தாலும் ரெண்டுலயும் சமமாத்தான் விழும், கவலையில்லை.

ஆனா எந்தப் பதிப்போட ஒப்பிடறது? மாமாவோட சிடி இன்னும் இருக்கு, கீறல் விழுந்து அஞ்சாவது பாட்டுக்கு மேல ஓடாது. இணையத்திலும் ஒரு பொறி இருக்கு. கம்பெனியோட தகராறில் இந்த பேண்ட் 2018 ஜனவரி வரைக்கும் பழைய பதிவுகளை ஸ்ட்ரீமிங்குக்கு விடலை. அதுக்கு முன்னாடி சில பாட்டுகளை அச்சு அசலா மறுபடி வாசிச்சுத் தாங்களே வெளியிட்டாங்க, 'போலிகள்'னு தாங்களே பேரும் வச்சாங்க. காதுக்கு ஒண்ணுதான், அளவுக்கு உதவாது. அதனால மூல நாடாவிலிருந்து வந்த மறுபதிப்பு வேணும்.

மறுபதிப்புன்னாலும் கண்ணை மூடி நம்ப முடியாது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-லிருந்து முதல் பக்கத்து மூணு பாட்டும் சுருதி சற்று ஏறியே வித்தது, தொண்ணூறுகளின் மறுபதிப்பில்தான் திருத்தினாங்க. இங்கே மாமாவின் கீறல் சிடி கைகொடுத்தது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுறது. எந்தப் பாட்டு எத்தனையாவது நிமிஷத்தில் தொடங்குதுங்கிற பட்டியல் நடுத்துளைக்குப் பக்கத்தில், வினாடியின் 75-ல் ஒரு பங்கு துல்லியத்தில் இருக்கும். பாட்டு ஓடாட்டியும் பட்டியல் படிச்சது. பன்னிரண்டு பாட்டின் நீளமும் மறுபதிப்போட ஒரு வினாடிக்குள் ஒத்துப்போச்சு. 3 சதவீதப் பிழை இருந்திருந்தா நாலரை நிமிஷப் பாட்டில் எட்டு வினாடி வித்தியாசம் வந்திருக்கணும். மறுபதிப்புகளில் சத்தத்தை ஏத்துறது வழக்கம், எனக்கும் அதில் மனஸ்தாபம் உண்டு. ஆனா அது வேகத்தைத் தொடாது.

இந்த வேலைக்கு ஹிஸ்டீரியா மாதிரி ஆல்பம் கிடைச்சது அதிர்ஷ்டம். க்ளாம் மெட்டல்னா முடியும் மினுக்குச் சட்டையும்தான்னு நினைக்கிறவங்க இதன் கதையைக் கேக்கணும். 1984 டிசம்பர் 31 அன்னைக்குக் கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலனோட இடது கை போச்சு. பேண்ட் அவரை மாத்தலை. கை அடிக்க வேண்டியதைக் கால் மிதிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் டிரம் அமைச்சு அவர் திரும்பக் கத்துக்கிட்டார். தயாரிப்பாளர் 'மட்' லேஞ்சோட பிடிவாதமும் சேர்ந்து ஆல்பம் 1987 ஆகஸ்டில்தான் வந்தது. டிரம் ஒலிகள் கணினிக்குள் அடுக்கப்பட்டவை, ஒவ்வொரு அடியும் ஊசி குத்தின மாதிரி துல்லியமா விழும். எனக்குத் தேவை அந்த ஊசிகள்தான்.

ஒரே பக்கத்திலயே டேப்பின் வேகம் மாறும்கிறதால பேச்சுக்கு ஒட்டினாப்பல இருக்கிற கடைசிப் பாட்டு 'லவ் அண்ட் அஃபெக்ஷன்'ஐ எடுத்தேன். மறுபதிப்பில் சரியா 240 வினாடி இடைவெளியில் இருக்கிற ரெண்டு டிரம் அடி, கேசட்டில் 232.6 வினாடி. 3.2 சதவீதம் வேகம். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் 6 சதவீதம், அதில் பாதிக்கு மேல. பி பக்கத் தொடக்கத்தில் அளந்தா 2.9 தான் வருது.

ஆடாசிட்டியில் டெம்போவை இல்லை, பிட்சையும் இல்லை, ஸ்பீடை 0.969-க்கு இறக்கினேன். வேகமும் சுருதியும் சேர்ந்து கெட்டது, சேர்ந்துதான் இறங்கணும். 50.2-ல் இருந்த இரைச்சல் 48.6-க்குப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் புதுக்கோட்டைக்கு வந்த கரண்ட் அதுதான். அந்தக் காலத்துக்குப் பொருந்துற எண்.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு மறுபடி போட்டேன். எதுவும் சொல்லாம முழுசாக் கேட்டாங்க. ரெண்டாவது தடவையும் போடச் சொன்னாங்க.

"அன்னைக்கு அவனுக்குச் சளி. மிளகு ரசம் வச்சேன்."

அப்புறம் நான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு நிமிஷம் பதினோரு வினாடியில் மூக்கை உறிஞ்சுறான். அத்தனை நாள் அலைமாலையைப் பார்த்தும் அதை நான் கவனிக்கவே இல்லை.