மின்னஞ்சல் செலவில் சிக்கனம்

தந்தி கொடுப்பதற்காகத் தபால் ஆபீசின் படியேறிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூடுதலான ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆதலால், எழுதிய வாசகத்தைப் பன்முறை படித்து, வேண்டாத சொற்களை அடித்துவிட்டே பாரத்தை நீட்டினோம். வாழ்த்துத் தந்திகளுக்கோ எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைக் குறித்தால் போதும். 2013 ஜூலையில் இந்நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றது. ஆயினும் சொல்லை எண்ணும் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது.

இன்றைய மின்னஞ்சலில் அப்பழக்கம் பயன்படாது. பத்து வரி எழுதினாலும் நூறு வரி எழுதினாலும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. கட்டணம் கூடுவது முகவரிகளின் எண்ணிக்கையால். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்பினால், நூறு மடல்கள் என்றே கணக்கில் ஏறும். சிக்கனம் செய்யவேண்டிய இடம் மாறிவிட்டது என்பதே நாம் முதலில் உணரவேண்டிய செய்தி.

தனி மனிதர் ஒருவருக்கு இதில் தொல்லை இல்லை. கூகிள் நிறுவனத்தின் இலவச அஞ்சற் கணக்கில் நாள் ஒன்றுக்கு 500 பேர் வரை எழுதலாம். சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் அது போதாது. அத்தகையோர் மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவை நிறுவனங்களை நாடுகின்றனர். சில நிறுவனங்கள் மாதச் சந்தாவுக்கு இத்தனை மடல்கள் என வரையறுத்து, மிகுதிக்குத் தனிக் கட்டணம் பெறுகின்றன. வேறு சில, அனுப்பியதற்கு மட்டும் பெறுகின்றன. அமேசான் நிறுவனத்தின் சேவையில் அடிப்படைக் கட்டணம் 1,000 மடல்களுக்கு 10 அமெரிக்க சென்ட். தொகை சிறிது என்று தோன்றும். ஆனால் கவனக்குறைவு அதைப் பெருக்கிவிடும். எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தனுவச்சபுரம் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி கொல்லயில். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இப்பகுதி கேரளத்தில் நின்றது. விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, மக்களின் நாவைப் பிரிக்கவில்லை. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கக் காணலாம். இத்தகைய ஊரில் 2,000 உறுப்பினர் கொண்ட ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம்.

சங்கம் மாதந்தோறும் தமிழில் ஒரு மடலும் மலையாளத்தில் ஒரு மடலும் எல்லோருக்கும் அனுப்பினால், 4,000 மடல்கள் ஆகின்றன. இரு மொழிகளையும் ஒரே மடலில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 2,000 மடல்களே. செலவு பாதியாயிற்று, எம்மொழியும் குறையவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் இவ்வசதி இல்லை. ஆங்கில எழுத்தில் 160 குறியீடுகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறியீடுகளே கொள்ளும். ‘கொல்லயில்’ என்ற பெயரில் நாம் காண்பவை ஐந்து எழுத்துகள். கருவி எண்ணுவதோ ஒன்பது குறியீடுகள்! அங்கே தமிழுக்குச் செலவு மிகுதி. மின்னஞ்சலில் அவ்வேற்றுமை இல்லை என்பது நமக்கு ஆறுதல்.

அடுத்தது இணைப்புகள். ஆண்டறிக்கை 2 மெகாபைட் அளவுள்ளது எனக் கொள்வோம். அதை 2,000 பேருக்கு இணைத்து அனுப்பினால் 4 ஜிகாபைட் ஆகும். முன்னர்க் கூறிய சேவையில் இணைப்புக்கு ஜிகாபைட்டுக்கு 12 சென்ட் தனியே உண்டு. ஆகவே மடல்களுக்கு 20 சென்ட்டும், இணைப்புக்கு 48 சென்ட்டும் ஆகின்றன. அறிக்கையைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் மடலில் குறித்தால் இச்செலவு நீங்கும்.

செல்லாத முகவரிகளுக்கு அனுப்பும் மடல்களும் கணக்கில் சேர்கின்றன. அவை திரும்பி வருவதால் காசு மட்டுமன்றி நற்பெயரும் போகிறது. திரும்புபவை நூற்றுக்கு ஐந்தை எட்டினால் அமேசான் அக்கணக்கை ஆராயத் தொடங்கும்; பத்தை எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். ஆதலால் திரும்பிய முகவரிகளையும், ‘வேண்டா’ என்றவர்களின் முகவரிகளையும் அவ்வப்போது நீக்கிவிடுதல் வேண்டும்.

இவையெல்லாம் மெல்லக் கசியும் செலவுகள். வெள்ளம்போல் வருபவை வேறு. நிரலில் நேர்ந்த பிழையால், அனுப்பிய மடலையே கருவி மணிக்கொரு முறை மீண்டும் அனுப்பலாம். அப்போது 2,000 மடல்கள் ஒரே நாளில் 48,000 ஆகிவிடும். இணையப் பக்கத்து விண்ணப்பப் படிவத்தில் தீயோர் இயந்திரங்களை ஏவி ஆயிரக்கணக்கான பொய் முகவரிகளை இடலாம். சேவையின் இரகசியத் திறவுச்சொல் பிறர் கையில் சிக்கினால், அவர்கள் அனுப்புவதற்கும் நாமே பொறுப்பாவோம்.

இங்கே ஒரு வேற்றுமையை நன்கு அறிதல் வேண்டும். நெய்யாற்று அணையில் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் வேறு. நீரைத் தடுக்கும் மதகு வேறு. செலவு இவ்வளவை எட்டினால் அறிவிக்குமாறு சேவை நிறுவனத்திடம் நாம் ஏற்பாடு செய்யலாம். அது அளவுகோல். அந்த அறிவிப்பு சில மணி நேரம் தாழ்த்தும் வரக்கூடும். வந்தாலும் தானாக எதையும் நிறுத்தாது. மதகு என்பது நாள் ஒன்றுக்கு அனுப்பத்தக்க மடல்களின் உச்ச அளவு. அதை எட்டியதும் மேற்கொண்டு மடல் போகாது. தேவைக்கு மிஞ்சிய உச்ச அளவைக் கேட்டுப் பெறுதல் ஆகாது. சில நிறுவனங்கள் இவ்வளவைத் தாமே உயர்த்திவிடுவதும் உண்டு. எனவே நம் நிரலிலும் ஓர் எண்ணியை அமைத்து, ‘இன்றைக்கு இவ்வளவே’ என வரம்பிடுதல் நன்று.

ஆனால் மதகை முற்றிலும் அடைத்தால் பயிர் வாடும். கடன் தவணை நினைவூட்டல், பணம் பெற்றதற்கான சான்று போன்ற இன்றியமையாத மடல்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, எஞ்சியதையே பொது அறிவிப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவும் ஏன் கூறுகிறோம்? எதிர்பாராத பில் ஒன்று வந்துவிட்டால், சிறு சங்கங்களின் கை உடனே கத்தரிக்கோலை நாடுகிறது. எல்லைப்புற ஊர்களில், சிறுபான்மையோரின் மொழியில் எழுதும் மடலே முதலில் வெட்டுண்ணும் அபாயம் உண்டு. செலவின் காரணம் தமிழ் வரிகள் அல்ல. திரும்பத் திரும்பச் செல்லும் மடலும், செல்லாத முகவரியும், காவலற்ற திறவுச்சொல்லுமே. அவற்றைக் களைந்தால் செலவு தானே குறையும். அன்று தந்தியில் சொல்லை எண்ணினோம்; இன்று முகவரியை எண்ணுவோம். சொல்லைக் குறைக்க வேண்டிய தேவை இனி இல்லை.