நடுவயதுக்குப் பின் கடலில் மூழ்குதல்

ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறியதற்குக் கடலில் மூழ்கும் விருப்பமே பெருங்காரணம். அப்போது அவருக்கு வயது 38. பிற்காலத்தில் நோயால் நடை தளர்ந்தபோதும் அவர் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். நீர் உடலின் எடையைத் தாங்குவதால் மூட்டுகள் ஓய்வு பெறுகின்றன.

இதயத்திற்கோ ஓய்வில்லை. கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களிலுள்ள குருதி மார்பை நோக்கித் தள்ளப்படுகின்றது. குளிர் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றது. ஆகவே 45 வயதைக் கடந்தோர் மருத்துவச் சோதனைக்குப் பின்னரே பயிற்சி தொடங்குதல் வேண்டும்.

மற்றோர் அபாயம் எவ்வயதினர்க்கும் பொது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். அங்கு உருளைக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கி மேலெழுந்தால், காற்று விரிந்து நுரையீரல் கிழியக்கூடும். நம் முத்துக்குளிப்போர் மூச்சடக்கியே மீண்டனரே எனில், அவர்கள் கொண்டு சென்றது நீர்மட்டத்தில் இழுத்த காற்று. மேலெழுகையில் அது பழைய அளவையே அடையும்.