கடல் கடந்த முன்னோரைத் தேடுதல்

மகனுக்குப் பாட்டன் பெயரை இட்டு வழங்குதல் நம் நாட்டில் தொன்று தொட்ட வழக்கம். அதுபற்றியே அவனைப் 'பெயரன்' என்றனர். அச்சொல்லே பேரன் என மருவிற்று. ஆயினும் பாட்டனுக்குப் பாட்டன் யாவன், அவன் எவ்வூரினின்று வந்து குடியேறினான் என நம் மாணவ நண்பரை வினவுவோமாயின் எத்துணைப் பேர் விடை கூறுவர்? மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தோம் என்பார் பலர்க்கும் மூன்று தலைமுறைக்கு அப்பால் இருளே. நாம் அதனை ஒரு குறையாகக் கருதுவதில்லை; ஊர் இருக்கின்றது, உறவினர் இருக்கின்றனர், குலதெய்வம் இருக்கின்றது. இவையெல்லாம் அறுபட்டுப் போனவர்க்கே அவ்விருளின் துன்பம் தெரியும். தென்னாப்பிரிக்கத் தமிழர் அத்தகையோர்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த கூலியாட்கள் அதில் சென்றனர். அந்நாளில் சென்னைக்குக் கட்டிய துறைமுகம் இல்லை. மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிச் சென்றே கப்பலேறுதல் வேண்டும். அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆளுக்கு ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலடையாளம் ஆகியவற்றை வரிசையாக எழுதினர். அப்பட்டியல்கள் டர்பனில் காக்கப்பெற்று, இக்காலத்துக் கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டுள்ளன. தம் முன்னோரின் எண்ணை அறிந்தவர் சிறிது நேரத்திலேயே கிராமத்தின் பெயரைக் கண்டு கொள்ளலாம். கண்ட பின்னரே உண்மையான தொல்லை தொடங்குகின்றது.

எழுதியவன் ஆங்கில எழுத்தில் தன் செவிக்குப் பட்டவாறு எழுதினான். முனுசாமி 'மூன்சாமி' ஆயினான். கவுண்டர் 'கவெண்டர்' ஆயினார். முதலியார் 'மூட்லி' ஆயினார். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கமில்லை யாதலின், தந்தையின் இயற்பெயரே பல வீடுகளில் வழிவழியாக நிலைத்துவிட்டது. தம் ஜாதியை மாற்றிச் சொல்லிக் கப்பலேறினவரும் உண்டு. ஆகவே இப்பட்டியலைக் கண்ணாற் படிப்பதினும் வாய்விட்டுப் படித்தலே நன்று. ஆங்கில எழுத்தைத் தமிழ் நாவினாற் பலவாறு ஒலித்துப் பார்ப்பின், மறைந்து நின்ற ஊர் சில வேளைகளில் தானே வெளிப்படும்.

ஊர் வெளிப்பட்டாலும் அது பழைய இடத்தில் இருத்தல் வேண்டுமே! நம் சென்னையின் தென்பகுதியையே எடுத்துக் கொள்வோம். திருவான்மியூரும், அடையாற்றின் தென்கரைச் சிற்றூர்களும் அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்தவை. அவ்வூரார் ஒருவரைச் சென்னை ஜில்லாவின் கீழ்த் தேடினால் அகப்படார். தியாகராய நகர் என்னும் பெயரோ எப்பட்டியலிலும் இராது. 1920-ஆம் ஆண்டுகளில் மாம்பலத்தை அடுத்த நெட்டேரியைத் தூர்த்து உண்டாக்கிய நகரம் அது. இன்று புடைவைக் கடைகள் நெருங்கிய தெருவில் நின்று, 'எம் மூதாதையர் உழுத நிலம் எங்கே?' என்று கேட்பவர்க்கு நாம் யாது காட்டுவோம்?

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்குச் செல்க என்று சொல்வதே நம் வழக்கம். அங்குள்ள நில வரி ஏடுகளில் பட்டாதார் பெயர்கள் காணப்படும். ஆனால் கூலியாகக் கப்பலேறினவருட் பலர் ஒரு காணி நிலமும் இல்லாதவர். பிறர் நிலத்தில் உழைத்தவர். நிலமில்லாதவன் பெயர் நில வரி ஏட்டில் எங்ஙனம் ஏறும்? கிறிஸ்தவராயின் ஞானஸ்நானப் பதிவேடு துணை செய்யும். ஏனையோர்க்கு அதுவும் இல்லை.

இதே சைதாப்பேட்டையில் 1726-ஆம் ஆண்டில் அடையாற்றின்மேல் தம் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டுவித்த கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்பார், அயல்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய ஆர்மீனிய வணிகர். அவர் பெயரைக் கல்லிற் பொறித்துப் பாலத்தினருகே நிறுத்தினர். செல்வர் எங்குச் சென்றாலும் அவர் பெயர் எழுதப்படுகின்றது. ஏழைக் கூலியாளுக்கோ, அவனை எண்ணி ஏற்றிய கப்பற் பட்டியலே அவன் தந்தையின் பெயரை எழுதி வைத்த ஒரே ஏடாகப் பலமுறை அமைந்து விட்டது. அவனை மனிதனாக மதித்து எழுதிய ஏடு அன்று அது. ஆயினும் அதனை இழந்தால் வேறொன்று இல்லை.

ஆகவே தேடி வருவோர்க்கு உதவ விரும்பும் நம் மாணவர், அவர் வீட்டில் வழங்கும் குலதெய்வத்தின் பெயரையும், பாட்டி சொல்லிய ஊர்ப்பெயரையும் முதலிற் கேட்டு, பின்னர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். மொரீசுத் தீவிற்குச் சென்றோருட் பலர்க்கு நிழற்படமும் எடுத்து வைத்தனர். அவை அத்தீவில் மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. நேட்டால் பட்டியலிலோ உடலடையாளம் என்னும் பகுதி ஒன்றே உண்டு. இடக் கன்னத்தில் மச்சம், வலது முழங்காலில் வடு என்று இவ்வாறு, இன்னார் இவரே என்று பிரித்தறிதற்கு எழுதப்பட்டவை அவை. படம் ஒன்றும் இல்லாத குடும்பத்தார்க்குத் தம் மூதாட்டியின் முகத்தைப்பற்றிக் கிடைக்கும் செய்தி அம்மச்சம் ஒன்றே.