ஆமைக்கு ஒரு நாள் அவகாசம்

ஐம்பொறிகளை அடக்கி வாழ்பவனுக்கு ஆமையை உவமையாகச் சொன்னார் வள்ளுவர். தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் அந்த ஆமை குளத்திலும் வயலிலும் காண்பது. கடலாமைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் தலையும் துடுப்புக் கால்களும் ஓட்டுக்குள் அடங்கா. வலை வந்து சுற்றினால் ஒடுங்கிக்கொள்ள அதற்கு இடமேது? நண்பர்களே! புத்தகத்தில் படித்திருந்த இந்தச் செய்தியின் பொருளை நான் உணர்ந்தது, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் குடும்பத்தோடு போய்வந்த ஒரு நாளில்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை; பிழைக்க வந்த ஊர் மட்டாஞ்சேரி. தந்தையார் கடைவீதியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறார். சித்தப்பா தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து இழுவை வலைப் படகில் தொழிலுக்குப் போகிறார். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாட்கள், கேரளக் கடலில் இழுவை வலைக்குத் தடை. சித்தப்பாவை வீட்டில் காண்பது அந்நாட்களில்தான். ஆகவே, “எல்லோரும் சேர்ந்து எங்காவது போய்வருவோம்” என்று அம்மா சொன்னபோது, “ஆமைகளைக் காப்பாற்றும் ஒரு கடற்கரை இருக்கிறது” என்றேன் நான். தங்கை துள்ளிக் குதித்தாள். “ஆமையைப் பார்க்க ரெயில் செலவா? நான் கடலில் பார்க்காத ஆமையா?” என்று சித்தப்பா சிரித்தார், ஆயினும் வந்தார்.

எர்ணாகுளத்தில் இரவு ரெயில் ஏறி, விடியலில் வடகரையில் இறங்கிப் பஸ் பிடித்தோம். பய்யோளியை அடுத்துள்ளது கொளாவிப்பாலம். குற்றியாடி ஆறு கடலோடு கலக்கும் இடம். குஞ்ஞாலி மரைக்காயர்களின் கோட்டை இருந்த கோட்டக்கல் பக்கத்திலேதான். முன்பெல்லாம் இங்கே ஆமை முட்டையைத் தோண்டி எடுத்து உண்பதும் விற்பதும் வழக்கம். அழிந்துவரும் உயிர் அது என்பதைப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் வாயிலாக அறிந்த உள்ளூர் இளைஞர்கள், 1992இல் ‘தீரம்’ என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். அன்று முதல் இரவெல்லாம் கரையில் நடந்து காவல் காத்தார்கள். முட்டைகளை வேலியிட்ட மணலில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள்.

இங்கே வருவது, நம்மவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிறு கடலாமை. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். அவை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் மிகும். குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் அதே உயர்ந்த பாதுகாப்பை இந்த ஆமைக்கும் தருகிறது. ஆனால் மணல் வாரியதாலும் கடல் அரித்ததாலும் கொளாவிப்பாலத்துக் கரை குறுகிவிட்டது. வரும் ஆமைகளும் குறைந்துவிட்டன. நாங்கள் சென்றதோ முட்டையிடும் பருவமும் அன்று. வெறும் வேலியைக் கண்டு தங்கையின் முகம் வாடியது.

ஆனால் ஒரு தொட்டியில் ஓர் ஆமை இருந்தது. அதன் முன்துடுப்பு ஒன்று இல்லை. வட்டமாகவே சுற்றிச் சுற்றி நீந்திற்று. சித்தப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இது வலைக்கயிறு அறுத்த காயம், மக்களே” என்றார். பிறகு, “எங்க வலையிலயும் ஏறும். செத்துக் கிடக்கும். உடனே கடல்ல தள்ளிருவோம். வேற என்ன செய்ய?” என்றார்.

அப்பொழுதுதான் நான் படித்த விஞ்ஞானத்துக்கு வேலை வந்தது. ஆமை மீன் அன்று. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. மூச்சு விட அது மேலே வந்தே தீர வேண்டும். இழுவை வலையோ மணிக்கணக்கில் நீருக்குள் இழுபடுகிறது. அதில் அகப்பட்ட ஆமை திமிறித் திமிறி, உள்ள காற்றையெல்லாம் செலவிட்டு, மூர்ச்சையாகிறது. படகுத் தட்டில் விழும்போது அசைவிராது. ஆயினும் உயிர் போயிருக்க வேண்டும் என்பதில்லை! அந்நிலையில் கடலில் தள்ளினால்தான் அது மூழ்கிச் சாகும்.

அதற்குச் செய்ய வேண்டிய உபகாரம் எளியது. வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பகுதியைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். வெயில் படாமல், ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல் வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்திலும் விழிக்கலாம். 24 மணி நேரமும் ஆகலாம். தெளிந்தபின், எஞ்சினின் விசையைத் துண்டித்து, வலை நீரில் இல்லாதபோது, பின்புறமாக மெல்ல இறக்கிவிட வேண்டும்.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பொதியை அவிழ்த்து அம்மா கொடுத்த புளிச்சோற்றையும் அவர் சரியாக உண்ணவில்லை. “இருபது வருசம்! எத்தனையைத் தள்ளியிருப்பேன்?” என்று ஒருமுறை மட்டும் கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

வலைக்குள் ஆமை தங்காதிருக்கவும் வழி உண்டு. 1957இல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நம் படகுகளுக்கேற்ற ஆமை விலக்கும் சாதனம் ஒன்றை அமைத்திருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாக நிற்கும் கம்பிச் சட்டம் அது. இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே புகுந்து பின்பைக்குப் போகும். ஆமை சட்டத்தில் மோதி, அருகிலுள்ள திறப்பு வழியே தப்பும். “மீனும் அல்லவா தப்பும்! பிடித்ததில்தான் எங்களுக்குப் பங்கு” என்பது தொழிலாளரின் கவலை. அக்கவலையை நாம் எள்ளலாகாது. ஆனால் ஆமைப் பாதுகாப்புப் போதாதென்று, நம் கடலில் பிடித்த இறாலை 2019இல் அமெரிக்கா விலக்கியபோது, அந்த அடியும் இதே தொழிலாளரைத்தானே சேர்ந்தது?

ஐப்பசியில் சித்தப்பா கரைக்கு வந்தபோது செய்தி கொண்டுவந்தார். இரண்டு ஆமைகள் வலையில் ஏறினவாம். ஸ்ராங்கு முணுமுணுத்தும், இவர் இரண்டையும் தட்டில் கிடத்தி ஈரச்சாக்கு போர்த்தினாராம். ஒன்று மறுநாளும் அசையவில்லை. மற்றொன்று ஆறு மணி நேரத்துக்குப் பின் தலையைத் தூக்கி மூச்சு விட்டது. “புஸ்ஸுண்ணு ஒரு சத்தம், மக்களே!” என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நம் சங்கத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர் பலர். விடுமுறைக்குப் போகும்போது, அப்பாவிடமோ அண்ணனிடமோ மாமாவிடமோ இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: அசையாத ஆமையெல்லாம் செத்த ஆமை அன்று; அதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். கொளாவிப்பாலத்து இளைஞர்களை எழுப்பியதும் ஒரு கட்டுரைதானே!