கெண்டைக்கால் தெறிக்கிறதா?

ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் விண் விண்ணென்று தெறிக்கிறது என்று சொல்லாத இல்லத்தரசி உண்டோ? நடந்த அலுப்பு என்கிறோம். நடந்ததைவிட, அடுப்படியில் ஆடாமல் அசையாமல் நின்றதுதான் காரணம் என்பேன் நான்.

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். புடைத்துத் தெரிவது முழங்காலுக்குச் சற்று மேலிருந்து இரு பிரிவாக இறங்குகிறது. அதற்கடியில் தட்டையாக இன்னொன்று. இரண்டும் ஒரே தடித்த நாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன. கணுக்கால் மூட்டு அசைந்து குதிகால் எழும்பும்போதெல்லாம் இந்தச் சதை சுருங்கி, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடுவதில்லை. சும்மா நின்றால் இந்தப் பம்பு ஓடாது. ரத்தம் தேங்கிக் கால் கனத்துப் போகும்.

சாம்பார் கொதிக்கிற நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்துப் பதினைந்து தடவை தூக்கி இறக்குவேன். (என் பெண் சிரிக்கிறாள். சிரிக்கட்டுமே!)

ஆனால் திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் தைலம் போட்டு நீவிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூச்சும் வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.